வக்கீலா, சாட்சியா?

உலகத்தில் எத்தனையோ வகை டாக்டர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்கு ஒருவர், காதுக்கு ஒருவர், பல்லுக்கு ஒருவர். ஆனால் நோயாளி வாய் திறந்து ஒரு வார்த்தையும் சொல்லாத வைத்தியம் இரண்டுதான். ஒன்று கைக்குழந்தை வைத்தியம். மற்றது கால்நடை வைத்தியம். குழந்தையாவது மூன்று வருஷம் போனால் "வயிறு வலிக்குது" என்று சொல்லக் கற்றுக்கொள்ளும். நாய் பதினான்கு வருஷம் நம்மோடு வாழ்ந்தாலும் அதைச் சொல்லப் போவதில்லை. சொல்லாதது மட்டுமல்ல, மறைக்கவும் மறைக்கும். காட்டில் நொண்டுகிற பிராணியைத்தான் எதிரி முதலில் குறிவைப்பான் என்ற பழைய பாடம் அதன் ரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது. மடியில் படுத்து வாலாட்டிக்கொண்டே அது செத்துக்கொண்டிருக்கக்கூடும்.

எங்கள் கொங்குச் சீமையில் கால்நடை டாக்டரை இன்றைக்கும் "மாட்டு டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். அதில் இளக்காரம் கிடையாது. காங்கயம் மாடும், அந்த இனத்தைப் பேணி வளர்த்த பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பமும் பேர் பெற்ற பூமி இது. மாடு போனால் குடும்பமே போயிற்று என்று இருந்த காலத்தில் "வெக்கை" என்று யாராவது சொன்னாலே தோட்டத்துச் சாளைகளில் அடுப்பு எரியாது. அந்த மாட்டு வெக்கை நோயை உலகத்தை விட்டே ஒழித்துவிட்டதாக 2011-ல் அறிவித்தார்கள். மனிதன் வேரோடு களைந்த நோய்கள் இரண்டே இரண்டு. பெரியம்மை ஒன்று, மற்றது இது. பெரியம்மைக்குக் கிடைத்த பாராட்டில் பத்தில் ஒரு பங்குகூட மாட்டு டாக்டர்களுக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை. சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து வந்தவர்களுக்கு மாடும் குதிரையுந்தான் பிரதானம். நாய் அப்போது பட்டிக்குக் காவல். மீந்த களியைத் தின்றுவிட்டு வாசலில் கிடக்கும். அதற்கு வைத்தியம் என்றால் ஊரே சிரித்திருக்கும்.

இப்போது கோயம்புத்தூரில் ஏதாவது ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். பெஞ்சு முழுக்க நாய்கள். அதிலும் கைக்குள் அடங்குகிற சின்ன ஜாதி நாய்கள். 2003-ஆம் வருஷம் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடிய பக் நாய், எத்தனையோ வீடுகளுக்குள் ஓடி வந்துவிட்டது. மூக்கு சப்பையாக இருப்பது நமக்கு அழகு. அதற்கு அது மூச்சுத் திணறல். வெள்ளையாகப் புசுபுசுவென்று "பொமரேனியன்" என்ற பெயரில் நம் ஊரில் விற்கிறார்களே, அவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வேறு இனம். நாய்க்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. தன் ஜாதி இன்னதென்று தெரியாமல் வாழ்கிற பாக்கியம் அதற்கு வாய்த்திருக்கிறது.

அப்படி ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. உறவினர் ஒருவர் என் மகளின் பிறந்த நாளுக்கு ஒரு கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றரைக் கிலோ எடை. மல்லி என்று பெயர் வைத்தாள். "ஊசியெல்லாம் போட்டாச்சுன்னு கடைக்காரர் சொன்னாருங்க" என்றார் உறவினர். அட்டை இல்லை. எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. ஆனால் குட்டி எவ்வளவுக்கெவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கவ்வளவு வாங்குகிறவர் மனம் உருகும் என்பது வியாபாரிக்குத் தெரியும். ஆறு வாரக் குட்டி எட்டு வாரக் குட்டியாவதற்குப் பதினான்கு நாள் காத்திருக்க வேண்டியதில்லை; ஒரு பொய் போதும்.

வந்த ஐந்தாம் நாள் மல்லி பாலைத் தொடவில்லை. அன்று இரவு இரண்டு முறை வாந்தி. மறுநாள் விடியும்போது வயிற்றுப்போக்கு; அதில் ரத்தம். அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. வடவள்ளியிலிருந்து ஆட்டோ பிடித்து நானும் என் மனைவியும் டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தோம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பமாகிறது.

அந்த அம்மாள் நாயைத் தொடுவதற்கு முன்னால் எங்களைத்தான் பார்த்தார். "கடைசியா எப்பச் சாப்டுச்சுங்க? வாந்தி எத்தனை தடவைங்க? மஞ்சளா, வெள்ளை நுரையா? தண்ணி குடிச்சுதுங்களா, குடிச்சது நின்னுதுங்களா? வீட்டுல என்ன மருந்து கொடுத்தீங்க?" சரமாரியாகக் கேள்விகள். என் மனைவி பையிலிருந்து ஒரு தினசரிக் காலண்டர் தாளை எடுத்து நீட்டினாள். அதன் பின்புறத்தில் பென்சிலால், இரவு 9-40 வாந்தி மஞ்சள், 1-15 வாந்தி நுரை, 5-30 ரத்தம், மருந்து எதுவும் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தாள். வேறு ஒரு வார்த்தை இல்லை. டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "அம்மிணி, இது பாதி வைத்தியமுங்க" என்றார்.

பத்து நிமிஷத்தில் பரிசோதனை அட்டையில் கோடு விழுந்தது. பார்வோ. 1978 வாக்கில் உலகத்தில் பல மூலைகளில் ஒரே சமயத்தில் தலைகாட்டிய வைரஸ் நோய் இது. குட்டி நாய்களின் குடலை அரித்துவிடும். அந்த வைரஸைக் கொல்ல உறுதியான மருந்து என்று கையில் ஒன்றுமில்லை. நரம்பு வழியே திரவம் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, மற்றக் கிருமிகள் உள்ளே புகாமல் காத்து, உடம்பு தானாகப் போராடுவதற்கு அவகாசம் வாங்கித் தருவதுதான் வைத்தியம். ஒன்றும் செய்யாவிட்டால் பெரும்பாலும் மரணம். முறையாகப் பார்த்தால் பெரும்பாலும் பிழைக்கும். சின்ன ஜாதிக் குட்டிக்கு இன்னொரு ஆபத்து, சர்க்கரை இறங்கிவிடுவது. சேமிப்பு இல்லாத குடும்பம் மாதிரி அதன் உடம்பு. இரண்டு வேளை பட்டினிக்குத் தாங்காது. "திடீர்னு துவண்டு போச்சுன்னா குளுக்கோஸ் தண்ணியை ஈறுல தடவிட்டு ஓடியாங்க. வாய்க்குள்ள ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிரும்" என்று டாக்டரம்மா சொன்னார். வீட்டைப் பினாயில் போட்டுக் கழுவினால் போதாதாம். அந்தக் கிருமிக்குப் பினாயில் ஒரு பொருட்டே அல்ல. பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். மண்ணில் ஒரு வருஷங்கூடக் கிடக்கும் என்றார்.

நாலு நாள் காலையும் மாலையும் அங்கே போய் உட்கார்ந்தேன். கதை எழுதுகிறவனுக்கு அந்தப் பெஞ்சைப் போல ஒரு பள்ளிக்கூடம் கிடையாது. இரண்டாம் நாள் ஒருவர் மூன்று கிலோ எடையுள்ள பக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல சட்டை, நல்ல கைக்கடிகாரம், மரியாதையான மனிதர். கூடவே எட்டு வயதுப் பையன். குட்டியின் ஈறு பழுப்பேறிக் கிடந்தது.

"ஏதாச்சும் மருந்து கொடுத்தீங்களாங்க?"

"ஒண்ணுமே கொடுக்கலீங்க."

டாக்டரம்மா ஈறைப் பார்த்தார். இன்னொரு முறை கேட்டார். "இல்லீங்கோ, நாங்க ஏன் கொடுக்கறோம்? எங்க வீட்டுப் புள்ளை மாதிரி வளர்க்கறோமுங்க" என்று அவர் சற்று உஷ்ணமாகவே சொன்னார். மூன்றாவது முறை கேட்டபோது பையன், தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பா, காய்ச்சல் மாத்திரை கொடுத்தீங்கள்ல" என்றான்.

அறுபது கிலோ மனிதன் ஐந்நூறு மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை போட்டுக்கொண்டால் கிலோவுக்கு எட்டு மில்லிகிராம் ஆகிறது. அதே மாத்திரை மூன்று கிலோக் குட்டிக்குக் கிலோவுக்கு நூற்று அறுபத்தேழு. ஏறக்குறைய இருபது மடங்கு. இந்தக் கணக்கு அந்த மனிதருக்குத் தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கொடுக்கிற மாத்திரை, பிள்ளை மாதிரி வளர்க்கிற நாய்க்கும் கொடுத்தார். அன்பில் குறைவில்லை. கொடுத்ததைக்கூடத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று முறை இல்லை என்று சொன்னாரே, அது என்ன? அந்த விஷத்துக்கு முறிவு மருந்து இருக்கிறது. ஆனால் மணிக்கணக்கில் தாமதிக்க முடியாது. வாய் திறக்க முடியாத ஒரு ஜீவன் சார்பில் பேச ஒரே ஒருவர் இருந்தார். அவர் தம்முடைய மானத்துக்காகப் பேசினார்.

வெகு நேரம் இதை யோசித்துக்கொண்டிருந்தேன். வாயில்லாத ஜீவனுக்காக நாம் பேசுகிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வக்கீலாகப் பேசுகிறோமா, சாட்சியாகப் பேசுகிறோமா? வக்கீலுக்கு ஒரு கட்சி உண்டு. அவர் கட்சிக்கு உதவாததைச் சொல்ல மாட்டார். உதவுவதைச் சற்று அழுத்திச் சொல்வார். சாட்சிக்குக் கட்சி கிடையாது. கண்டதைச் சொல்ல வேண்டும், காணாததைக் காணவில்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். டாக்டர் முன்னால் போய் நிற்கிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் வக்கீல்கள். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுங்க." "நாங்க எதுவுமே வெளியில கொடுக்கறதில்லீங்க." நாயின் வயிற்றில் நேற்றைய பிரியாணி எலும்பு கிடக்கும். யாரை எதிர்த்து இந்த வாதம்? டாக்டர் ஒன்றும் நீதிபதி அல்ல. வழக்கே இல்லாத இடத்தில் வாதாடுகிறார்கள்.

இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்கு ஒரு யூகம் உண்டு. கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச் சந்தையிலும், ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையிலும் சுற்றியவர்களுக்குப் புரியும். துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகர்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மாட்டைப் பற்றிய உண்மையை விற்கிறவர் சொல்ல வேண்டியதில்லை; வாங்குகிறவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், சுழி பார்க்கலாம், நடக்க விட்டுப் பார்க்கலாம். அது சந்தை தர்மம். அதில் ஒரு ஒழுங்கும் இருக்கிறது. ஆனால் சந்தையில் போட்ட துண்டை ஆஸ்பத்திரியிலும் கையின்மேல் போட்டுக்கொண்டு நின்றால், துண்டுக்கு அடியில் நசுங்குவது பிராணியின் உயிர் அல்லவா?

திருவாரூரில் மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் ஒரு மணியைக் கட்டி வைத்தான் என்று கதை. கன்றை இழந்த பசு வந்து அதை அடித்ததாம். நீதிக்குப் பெயர் போன கதையாக நாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தேர்க்காலில் மகனைக் கிடத்திய கட்டத்தைவிட எனக்கு அந்த மணிதான் முக்கியமாகப் படுகிறது. நாக்கு இல்லாத ஜீவனுக்கு ஒரு நாக்கு வேண்டும் என்று தோன்றியதே, அதுவே பாதி நீதி. எங்கள் வீட்டில் அந்த மணியாக இருந்தது ஒரு காலண்டர் தாள்.

டாக்டரம்மா அந்த மனிதரைத் திட்டவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. "எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கிவிட்டார். பின்னால் கூட்டம் குறைந்தபோது, "ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொல்லலாமுங்க. பெஞ்சுல ஏழு பேரு கேட்டுட்டு உட்கார்ந்திருந்தாங்க. அவரைத் திட்டியிருந்தா அந்த ஏழு பேருல நாலு பேரு என்கிட்டப் பொய் சொல்லியிருப்பாங்க" என்றார். கோபத்தை அடக்குவது நல்ல குணம் என்று நாம் நினைக்கிறோம். அவருக்கு அது ஸ்டெதாஸ்கோப் மாதிரி ஒரு கருவி. அந்த பக் குட்டி பிழைத்தது. அதைக் காப்பாற்றியவர்களில் பையனுக்கு முதலிடம் கொடுப்பேன்.

இன்னொரு கேள்வி என்னை இதைவிடக் கடினமாகப் பிடித்துக்கொண்டது. மல்லியின் முன்னங்காலில் ஊசி ஏறும்போது அது என் மனைவியின் முகத்தைப் பார்த்தது. அந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். நாயின் பார்வையில் நடந்தது என்ன? தன்னை நேசிக்கிறவள் தன்னைப் பிடித்துக்கொடுக்க, யாரோ ஒருத்தி முள்ளால் குத்துகிறாள். இன்று மாலையும், நாளையும். எதற்கு என்று அதற்குத் தெரியாது; சொல்லவும் வழியில்லை. குழந்தைக்கும் அப்படித்தானே ஊசி போடுகிறோம் என்பார்கள். வித்தியாசம் இருக்கிறது. குழந்தை வளர்ந்து ஒரு நாள், "அன்றைக்கு என்னைக் காப்பாற்றினீர்கள்" என்று சொல்லும். நாம் செய்த கொடுமைக்கு அன்று ரசீது கிடைத்துவிடும். நாய் அந்த ரசீதை ஒருநாளும் கொடுக்காது. நமக்கு எத்தனை நல்ல காரணம் இருந்தாலும், அந்தக் காரணம் யாருக்குச் சொல்லப்பட வேண்டுமோ அவருக்குப் போய்ச் சேராது. ஆகவே, நாய்க்குச் செய்யும் வைத்தியத்தில் நமக்கு மன்னிப்பும் இல்லை, நன்றியும் இல்லை. ஊசி போட்ட அரை மணி நேரத்தில் அது கையை நக்குகிறதே என்றால், அது மன்னிப்பு அல்ல. குற்றம் என்று ஒன்று அதன் கணக்கிலேயே ஏறுவதில்லை. கணக்கு வைத்துக்கொள்ளாதவரிடம் கடன்பட்டவனுடைய பொறுப்பு அதிகமா, குறைவா? அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கேட்க ஆளில்லாத கடனை அடைப்பவனைத்தானே நாம் நாணயஸ்தன் என்கிறோம்?

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் மூன்றாம் நாள் என்னை நிறுத்தி, "ஏனுங்க தம்பி, மனுசனுக்கே வைத்தியத்துக்கு வழியில்லாம எத்தனையோ பேரு இருக்கறப்ப, நாய்க்கு இத்தனை செலவுங்களா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்குகிறவர்களோடு நான் சேர மாட்டேன். நியாயமான கேள்வி. கடன் வாங்கிச் செய்ய வேண்டும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை நிறுத்திச் செய்ய வேண்டும் என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அதை டாக்டரிடம் கூச்சமில்லாமல் சொல்லவும் வேண்டும். "என்னால் இவ்வளவுதான் முடியும்" என்பதும் சாட்சி சொல்வதில் சேர்ந்ததே. அதைச் சொன்னவர்களுக்கு அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு அந்த அம்மாளே வழி சொல்லி அனுப்பியதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் பெரியவரின் கேள்வியில் ஒரு இடம் இடிக்கிறது. நாய்க்குச் செலவழித்த பணம் மிச்சமாகியிருந்தால் ஏழை மனிதனுக்கா போயிருக்கும்? பெரும்பாலும் ஒரு பட்டுப் புடவைக்கோ ஊட்டிப் பயணத்துக்கோ போயிருக்கும். அப்போது யாரும் நம்மைத் தெருவில் நிறுத்திக் கேட்பதில்லை.

ஐந்தாம் நாள் மல்லி கஞ்சித் தெளிவை நக்கிக் குடித்தது. அதே அறையில் பக்கத்துக் கூண்டிலிருந்த கறுப்புக் குட்டி முந்தின இரவு போய்விட்டது. அதே நோய், அதே மருந்து, அதே டாக்டர். இதற்கு நியாயம் தேடிப் பயனில்லை. ஆனால் அந்தக் கறுப்புக் குட்டியைக் கொண்டுவந்தவர்கள் கடைசி இரண்டு நாள் கேட்ட கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. "கஷ்டப்படுதுங்களே, ஊசி போட்டு அனுப்பிச்சுறலாமுங்களா?"

1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று, எழ முடியாமல், பக்கம் புரள முடியாமல் வேதனைப்பட்டது. பிழைக்க வழியில்லை என்றானபிறகு காந்திஜி டாக்டரை வரவழைத்து விஷ ஊசி போட்டு அதன் உயிரைப் போக்கச் செய்தார். அகிம்சைக்கு அவதாரம் என்று நினைத்திருந்தவர் கன்றைக் கொன்றார் என்று கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவர் ஒளிக்கவில்லை; தம் பத்திரிகைகளில் தாமே எழுதினார். சுயநலம் துளியும் கலவாமல், அந்த ஜீவனின் நன்மை ஒன்றையே கருதிச் செய்தால் அது இம்சை ஆகாது என்பது அவர் வாதம். வாதம் சரிதான். ஆனால் கலவாமல் என்று ஒரு சொல் இருக்கிறதே, அதில்தான் கஷ்டம் எல்லாம். அதன் வேதனையைப் பார்க்கச் சகிக்கவில்லை என்கிறோம். முடிக்க நினைப்பது அதன் வேதனையையா, பார்க்கிற நம்முடைய வேதனையையா? மறு பக்கமும் உண்டு. "எப்படியாவது காப்பாத்துங்க" என்று இழுத்துக்கொண்டே போகிறவர்களும் தங்கள் பிரிவுத் துயரத்தைத் தள்ளிப்போடத்தான் நாயின் உடம்பைச் செலவழிக்கிறார்கள். இரண்டு இடத்திலும் பேசுவது வக்கீல்தான்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன், எப்படித் தீர்மானிக்கிறீர்கள் என்று. "நான் தீர்மானிக்கறதில்லீங்க. சாப்பிடுதா, பேர் சொன்னாத் தலை தூக்குதா, தானா எந்திருச்சு வெளியில போகுதா, இதை மட்டும் தினம் காலண்டர்ல குறிக்கச் சொல்லுவேன். நல்ல நாள், கெட்ட நாள். கெட்ட நாள் கூடுனப்புறம் வாங்கன்னு சொல்லுவேன்" என்றார்.

நாங்கள் மல்லியை அழைத்துப் போக வந்த அன்று பேரூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் பெஞ்சில் இருந்தார். எழுபது வயதுக்குமேல் இருக்கும். காலடியில் கிழட்டு நாட்டு நாய் ஒன்று, வயிற்றில் கட்டி. கையில் ஒரு மாதக் காலண்டர் தாள். பெருக்கல் குறிகள் தாளின் கீழ்ப் பாதியில் நெருக்கமாக இருந்தன. நடுவில் ஒரே ஒரு வட்டம்.

"இந்த வியாழக்கிழமை எந்திருச்சு வாசல் வரைக்கும் வந்துச்சுங்க" என்றார் டாக்டரம்மாவிடம். "அன்னைக்கு ஒரு நாள்தானுங்க. மத்தது நீங்க சொன்ன மாதிரியே இருக்குதுங்க." தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குனிந்து நாயைத் தூக்கப் பார்த்தார். தூக்க முடியவில்லை. நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

மேஜைமேல் கிடத்தியதும் டாக்டரம்மா, "பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டே இருங்க" என்றார். கதவைச் சாத்திவிட்டு நான் வெளியே வந்தேன். அவர் கூப்பிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.